ஞிமிறு என்றொரு பெயர்

திருஞானசம்பந்தத்துக்குப் பாதி ஆயுள் அவன் பெயராலேயே கழிந்தது. பாளையங்கோட்டையில் அவன் வேலை பார்த்த அலுவலகத்தில் எதைக் கேட்கப் போனாலும், "ஓய், இதுக்கும் உமக்கும் என்னவே சம்பந்தம்?" என்று மேலாளர் சிரிப்பார். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. அங்கே நிஜமாகவே அவனுக்கு எதிலும் சம்பந்தம் கிடையாது. வீடு பார்த்தது மனைவி பொன்செல்வி. ஸ்கூட்டருக்கு நிறம் சொன்னது பொன்செல்வி. அவன் மீசையை எடுத்ததும் அவள் சொல்லித்தான்.

ஆகவே, அவள் எட்டு மாசமாக இருந்தபோது அவன் சபதம் எடுத்தான். உலகமே புரண்டாலும் பிள்ளைக்குப் பெயர் வைப்பது நான்.

"ஞிமிறு," என்றான் ஒருநாள் காலை, இட்லித் தட்டுக்கு முன்னால்.

"திமிரா? யாருக்கு?"

"திமிர் இல்லட்டி, ஞிமிறு. நம்ம பிள்ளைக்குப் பேரு. பழைய தமிழ்ச் சொல்லு. தேனீன்னு அர்த்தம். பையனுக்கும் ஆகும், பொண்ணுக்கும் ஆகும்."

"அப்போ கொட்டுமோ?"

"தேன் சேக்கும்லா! உலகத்துல ஒருத்தருக்கும் இந்தப் பேரு கிடையாது."

"ஏன் கிடையாதுன்னு ரோசிச்சியளா?"

அவன் யோசிக்கவில்லை. நாக்கின் நடுப்பகுதியை மேலே ஒட்டினால்தான் 'ஞி' வரும் என்று செய்து காட்டினான். வாயிலிருந்த இட்லி வெளியே வந்தது. பொன்செல்வி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். முதலில் 'நிமிரு' வந்தது, பிறகு 'ஞமுறு', பிறகு விக்கல்.

"இதக் கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள பிள்ள ரோட்டுக்கு ஓடிரும்," என்றாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "சரி, உங்க பிள்ள, உங்க இஷ்டம்."

கல்யாணமான நாளாய் அவன் காதில் விழாத வாக்கியம் அது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் இன்னும் இரண்டு இட்லி கேட்டான்.

"யார்ட்டயும் சொல்லிராத. களவாண்டுருவாவ."

"நான் எதுக்குச் சொல்லுதேன்?"

அவன் தங்கை சங்கரகோமதியும் அப்போது பிள்ளைத்தாச்சி. முதலில் பெற்றது அவள்தான், பெண் குழந்தை. பெயர் சூட்டு விழாவுக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு அவன் மட்டும் போனான். "இந்த வயித்தோட நான் எங்கன வர? நீங்க போயிட்டு வாங்க," என்று பொன்செல்வி பட்டுவேட்டியைத் தேய்த்தே கொடுத்தாள்.

மண்டப வாசலில் தெர்மாகோல் எழுத்துகள். முதல் எழுத்து 'ஞி'. அதற்குமேல் படிக்க அவனுக்குக் கண் ஓடவில்லை.

தங்கை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, மதினி போன்ல எல்லாம் சொன்னா. எம்பிள்ளைக்குன்னே மாசக்கணக்கா தேடிப் பிடிச்சியளாமே! வெளிய சொல்லக்கூடாதுன்னு வச்சிருந்தியளாமே! அப்பா இருந்தாக்கூட எனக்கு இவ்வளவு செஞ்சிருக்க மாட்டாவ." அவளுக்கு அழுகை முட்டியது. மாமியார் வீட்டுச் சனம் சுற்றி நின்று அவனை மரியாதையாகப் பார்த்தது.

அவன் சிரித்து வைத்தான்.

"தாய்மாமன் காதுல சொல்லுங்க," என்றார்கள். குழந்தையை மடியில் வைத்தார்கள். தன் பிள்ளையின் காதுக்கென்று குளியலறையில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர். ஞிமிறு, ஞிமிறு என்றான். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. "பாசத்தப் பாரேன்," என்றாள் யாரோ ஒருத்தி. எல்லாரும் கைதட்டினார்கள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அந்த வீட்டார் குழந்தையை 'நிம்மி' ஆக்கியிருந்தார்கள்.

வீடு திரும்பியதும் பாய்ந்தான். "ஏட்டி, என்ன காரியம் செஞ்சிருக்க!"

"கூடப் பொறந்தவளுக்குக் குடுத்தது ஒரு குத்தமா? பிடிக்கலன்னா போன் போட்டுத் திருப்பிக் கேளுங்க." அவளே எண்ணைப் போட்டுப் போனை நீட்டினாள். மறுமுனையில் தங்கை, "அண்ணே!" என்றாள், அவ்வளவு ஆசையாக.

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

பொன்செல்விக்கும் பெண் குழந்தை பிறந்தது. வேறு பெயர் தேட அவனுக்கு மனசு வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை. "உங்க தங்கச்சி வீட்டுல நீங்க சொன்னிய. எங்க அண்ணனும் தாய்மாமன்தான?" என்றாள் அவள். முக்கூடலிலிருந்து இசக்கிதுரை வந்தான். குழந்தையின் காதருகே குனிந்து, செல்போனைப் பார்த்து எழுத்துக்கூட்டினான்: "யா... யாஷ்... விகா."

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மைத்துனனிடம் சம்பந்தம் மெதுவாகக் கேட்டான். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தத்த யாரு கண்டா மாப்ள? தங்கச்சிக்கு ரொம்ப நாள் ஆச."

"எப்போ முடிவு பண்ணுனா?"

இசக்கிதுரை பாயசத்தை உறிஞ்சினான். "பேர அவ முடிவு பண்ணுன பொறவுதான் மாப்ள, நாங்க உங்களையே முடிவு பண்ணுனோம்."