வைஃபைக்குச் சீட்டுக் குலுக்கிய குப்பம்

ஞானம் பெற மனிதன் முன்பெல்லாம் காட்டுக்குப் போனான். இன்று அந்தச் சிரமம் இல்லை. 'மின்னல் பிராட்பேண்ட்' என்ற நிறுவனம் மாதச் சந்தாவுக்குப் பொறுமை, பற்றின்மை, நிலையாமை மூன்றையும் வீட்டுக்கே கொண்டுவந்து, சுவரில் துளை போட்டு மாட்டிவிட்டுப் போகிறது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்த ஞானத்தை முதலில் அடைந்த பாக்கியவான் கங்காதரன்.

அவர் மகள் செவ்வந்தி பிளஸ் டூவில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தாள். கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும். அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். குப்பத்தில் செல்போன் சிக்னல் ஒரு கோடு காட்டும், அதுவும் அதற்கு மனசிருந்தால். கடைத்தெருவில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரரோ கடையைப் பூட்டிவிட்டு மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆகவே செவ்வந்தியின் படிப்பு முழுக்க அந்த வீட்டு வைஃபையின் கையில் இருந்தது. மகள் காலேஜுக்குப் போகவேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் கங்காதரன்தான். எட்டாம் வகுப்போடு படகேறிய மனுஷன். ஆசையை வாய்விட்டுச் சொன்னால் கண் கலங்கிவிடும் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

காலை பத்து மணியிலிருந்து செவ்வந்தியின் போனில் கல்லூரிப் பக்கத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கங்காதரன் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டார். இப்படியொரு பண்பான சேவையை உலகம் கண்டதில்லை. நாற்பது நிமிடம் நாதஸ்வரம் வாசித்துக் காட்டிய பிறகே பேசினார்கள்.

“சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“பண்ட்டேம்மா. நாலு வாட்டி.”

“ரொம்ப நன்றி சார். இன்னொரு தடவை பண்ணுங்க.”

“அஞ்சாவது வாட்டி பண்ணா இன்னா ஆவும்?”

“அஞ்சு தடவை பண்ணினதா பதிவாகும் சார். நெட் மெதுவா இருந்தா என்ன செய்யணும்னு எங்க வெப்சைட்ல ஒரு பக்கம் இருக்கு. அதைத் திறந்து பாருங்க.”

“எந்தப் பக்கமும் தொறக்கலன்னுதாம்மா போன் பண்றேன்.”

“உங்க பொறுமைக்கு நன்றி சார்.”

கங்காதரன் மனம் தளரவில்லை. 'இணைய வேகத்தைக் கூட்ட முப்பது வழிகள்' என்று இரண்டரை மணி நேர வீடியோ ஒன்றைத் தன் போனில் பிடித்தார். முதல் வழி, மோடத்தை உயரத்தில் வைப்பது. உடனே மோடத்தை உப்புக்காற்று படாமல் பாலித்தீன் பையில் சுற்றி, துடுப்பின் நுனியில் கட்டி, கூரையைத் தொடும்படி நிமிர்த்தி வைத்தார். மனைவி அமுதவல்லி அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாய்யா, படகுப் பாய் ஒண்ணுதான் பாக்கி. அதையும் கட்டுனா வூடே காத்துல ஓடுமே.”

மற்ற வழிகள் ஓடி முடியட்டும், அப்புறம் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சத்தத்தை அடைத்து, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த வலைக் கொட்டகைக்குப் போனார்.

அது மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத ஆண்கள் வலையைச் சீர்செய்யும் உன்னத நோக்கத்தோடு அங்கே கூடி, ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பு வந்த அன்று கங்காதரன் பெருமை தாங்காமல் பாஸ்வேர்டைக் கொட்டகைச் சுவரில் பெயிண்டால் எழுதிவைத்திருந்தார். வந்த மீனை நாலு வீட்டுக்குக் கொடுக்காமல் தின்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

விஷயம் கேட்டதும் ஊர்த்தலைவர் கோதண்டம் கொதித்துப்போனார். தெருவின் இருபத்தேழு தலைக்கட்டுகளையும் கொண்டு 'இணைய வேகக் குறைபாடு ஆய்வுக் குழு' அந்த இடத்திலேயே அமைந்தது. உறுப்பினர்கள் ஒரு கண்ணால் பிரச்சினையையும் மறு கண்ணால் போனில் ஓடிய கபடியையும் பார்த்தபடி ஆழமாக ஆராய்ந்தார்கள்.

“எல்லாரும் ஒரே எடத்துல வலை போட்டா ஏரில மீன் கெடைக்குமா? பாடுன்னு ஒரு மொறை எதுக்கு வச்சிருக்கோம்?” என்றார் கோதண்டம். “சீட்டுக் குலுக்கி, வுழுந்தவனுக்கு வுழுந்த நாளு. மத்தவன் அன்னிக்குக் கரையில நிக்கணும். அதே நாயந்தான் நெட்டுக்கும்.”

கைதட்டல் அடங்குமுன் செவ்வந்தி வந்து நின்றாள்.

“பெரியப்பா, ஒரு நிமிசம். எல்லாரும் ஒங்க போன…”

“நில்லும்மா. கண்ணாலம் ஆன ஆம்பளதான் தலைக்கட்டு. தலைக்கட்டுதான் இங்க பேசணும். ஒனக்குப் பாடும் கெடையாது, பேச்சும் கெடையாது.”

“அப்ப கட்டுப்பாடு?”

“அதுவும் தலைக்கட்டுக்குத்தான். ஒனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?”

“சரி பெரியப்பா” என்று அவள் திரும்பிப் போனாள். கங்காதரனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஊர் நியாயத்தை மதித்து, அவர் வாங்கிப் போட்ட இணைப்புக்கு அவரே சீட்டெடுக்க வரிசையில் நின்றார்.

சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். முதல் நாள் பூபதிக்கு விழுந்தது. குழுவில் பட்டன் போன் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். கங்காதரனுக்கு விழுந்தது பத்தொன்பதாம் நாள். மணி நாலே கால் ஆகியிருந்தது.

“பூபதி, ஒரு மணி நேரம் எனக்கு உட்றா. பொண்ணு படிப்புடா.”

“அதெப்புடி மாமா? வுழுந்த பாட்ட மாத்துனா ஊர் சும்மா இருக்குமா?”

“ஒன் போன்ல நெட்டே வராதேடா!”

“வராட்டியும் அது என் பாடு மாமா.”

கங்காதரன் கெஞ்சினார். அவர் மெச்சி வந்த ஊர் நியாயம் அன்று அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்த கபடி வீரன் அந்தரத்தில் நின்றான். எல்லாப் போனிலும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“பாத்தீங்களாடா!” என்று எழுந்து நின்றார் கோதண்டம். “சீட்டெடுத்துப் பத்து நிமிசம் ஆவல. பாடு இல்லாதவன் ஒருத்தனுக்கும் வர்ல! நாயம் தானா வேல செய்யுது!”

குழு தன்னைத் தானே பாராட்டி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. கங்காதரன் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

செவ்வந்தி தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“விண்ணப்பம் போய்டுச்சு நைனா. நாலு முப்பத்தேழுக்கே நம்பர் வந்துட்ச்சு.”

கங்காதரன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த அழுகை சத்தமாகவே வந்துவிட்டது. அமுதவல்லி முந்தானையை நீட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“கம்பெனிக்காரன் சரி பண்ட்டானா?”

“நான் பாஸ்வேர்ட மாத்திட்டேன்.”

“ஏ பொண்ணே! ஊர்ப் பாடு இருக்கும்போது…”

“எனக்குத்தான் கட்டுப்பாடு கெடையாதே நைனா. பெரியப்பாவே சொன்னாரே.”

பிறகு அவள் தன் போனை நீட்டினாள். காலையிலிருந்து அந்த வைஃபையை யார் யார் எவ்வளவு இழுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருந்தது. ஆய்வுக் குழுவின் வருகைப் பதிவேடும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. பட்டன் போன் பூபதி மட்டும் விடுபட்டிருந்தான். கோதண்டம் இரண்டாம் இடம்.

“மொத எடம் யாரு? அவன சும்மா உடக் கூடாது” என்றார் கங்காதரன்.

செவ்வந்தி அவருடைய சட்டைப்பையையே பார்த்தாள். கங்காதரன் மெல்லப் போனை வெளியே எடுத்தார். வீடியோ கடைசிக் கட்டத்தில் நின்றுபோயிருந்தது. திரையில் பெரிய எழுத்தில் இருந்தது:

'முப்பதாவது வழி: வீட்டில் வெட்டியாக வீடியோ ஓட்டிக்கொண்டிருப்பவர் யாரென்று கண்டுபிடித்து, அவர் போனைப் பிடுங்கி வையுங்கள்.'