பாட்டு முடிந்ததும் வந்துவிடுகிறேன்

பாட்டு முடிந்துவிட்டது என்று நம்பி மேடைப் பொறுப்பாளர் பைக் சாவியைக் கையில் எடுத்த நேரத்தில், மேடையிலிருந்த மூதாட்டி மறுபடியும் வாயைத் திறந்தார்.

"இன்னொண்ணா?" என்றார் மைக்செட்காரர்.

"அதேதான். இழுக்கறாங்க" என்றார் பொறுப்பாளர். சாவி சட்டைப்பைக்குத் திரும்பிப் போனது.

வருஷா வருஷம் திறந்தவெளியில் நடக்கிற பக்தி இசை விழா அது. உலகத்தில் யார் யார் எந்தக் கடவுளை எந்த மொழியில் கூப்பிடுகிறார்களோ, அத்தனை பேரையும் வரவழைத்து ஆற்றோரப் புல்வெளியில் பாட வைப்பார்கள். கடவுள் வருகிறாரோ இல்லையோ, கூட்டம் வரும். கடைசி நாளின் கடைசி நிகழ்ச்சி, எங்கோ மலைநாட்டிலிருந்து வந்திருந்த ஏழெட்டு முதியவர்களின் பிரார்த்தனை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது, டீ வேளை தாண்டியும் ஓய்ந்தபாடில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தங்கை.

"அண்ணா, கிளம்பிட்டியா?"

"பாட்டு முடிஞ்சதும் வந்துடறேன்மா."

"அப்பாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. பாக்கறவங்க வந்து பாத்துக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் பெரியவன் வந்துட்டானான்னு கேக்கறாரு."

"இதோ முடியப் போகுது. வந்துட்டே இருக்கான்னு சொல்லு."

ஆஸ்பத்திரி தொலைவில் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், மேடைமேல் ஏறி நின்றால் மாடி ஜன்னல்கள்கூடத் தெரியும்.

போய்விட்டால் என்ன என்று கேட்கலாம். போன வருஷம் ஒரு குழு நேரம் தாண்டிப் பாடியபோது இவர் மைக்கை அணைத்துவிட்டார். அது பிரார்த்தனையின் நட்டநடுப் பகுதியாம். அவர்கள் மேடையிலேயே உட்கார்ந்து அழுதார்கள். பத்திரிகைகள் கிழி கிழியென்று கிழித்தன. விழாச் செயலாளர் ஊரறிய மன்னிப்புக் கேட்டார். இந்த வருஷம் இவரைக் கூப்பிட்டு, "அவங்களா நிறுத்தற வரைக்கும் நீங்க மேடையை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகச் சொல்வது இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

பாடகர்களிடம் கேட்கலாமென்றால் அவர்கள் பாஷை இங்கே ஒருவருக்கும் தெரியாது. கூட வந்த மொழிபெயர்க்கும் பெண்ணை இவரே விடுதிக்கு அனுப்பியிருந்தார். பாட்டு முடிந்த கையோடு அவர்களை வண்டியேற்றிவிட்டு ஓடலாமே என்று, பெட்டிகளைக் கட்டி எடுத்துவரச் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்கிற மனிதர்.

"சிவப்பு விளக்கைப் போடுங்க" என்றார் மைக்செட்காரர்.

மேடையின் காலடியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்தால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். எரிந்தது. மூதாட்டி அதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொருவராக எழுந்து வந்து விளக்கை விழுந்து கும்பிட்டார்கள். பிறகு உட்கார்ந்து, விளக்கைப் பார்த்தபடி, முன்னைவிட உருக்கமாக ஆரம்பித்தார்கள்.

"அணைச்சிடட்டுமா?"

"சாமி விளக்கை அணைச்சா அதுக்கு வேற அழுவாங்க. விடு."

கைதட்டலாம் என்று அடுத்த யோசனை. பலமாகத் தட்டினால் எந்தப் பாட்டும் முடிந்துதானே ஆக வேண்டும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார்கள். பக்கத்து வரிசை தொடர்ந்தது. அப்புறம் மைதானமே எழுந்து நின்று தட்டியது. சிலர் பையை எடுத்துக்கொண்டு வழியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். மேடையில் குரல்கள் தணிந்தன. ஒரு கிழவர் மத்தளத்தை மடியிலிருந்து இறக்கியே விட்டார்.

பொறுப்பாளர் சாவியை எடுத்தார். செயலாளர் முன்வரிசையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"ஜனம் பாதியில எழுந்து போகுது, நீங்க வேடிக்கை பாக்கறீங்க. வெளியூர் விருந்தாளிங்களுக்கு எவ்வளவு அவமானம்? உக்காரச் சொல்லுங்க."

"சார், எங்கப்பா ஆஸ்பத்திரியில ரொம்ப முடியாம..."

"அப்பா நாளைக்கும் இருப்பாருய்யா. இவங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவாங்க. மொதல்ல சொல்லுங்க."

பொறுப்பாளர் மைக்கைப் பிடித்து, பெரியவர்கள் முடிக்கும்வரை தயவுசெய்து யாரும் இடத்தை விட்டு எழ வேண்டாம் என்று மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நல்ல குரல் அவருக்கு. அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். மேடையில் முதியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூதாட்டி தண்ணீர் குடித்தார். மத்தளம் மறுபடி மடியேறியது.

போன் மறுபடி அதிர்ந்தது. "அண்ணா, அப்பாவுக்குக் கை கால் எல்லாம் சில்லுனு ஆகுது."

"போனை அப்பா காதுல வைம்மா. நான் பேசறேன்."

வைத்தாள். இவர் "அப்பா" என்றார். பின்னாலிருந்து மலைநாட்டுப் பிரார்த்தனை ஓங்கிக் கேட்டது. அந்த முனையில் அப்பாவின் மெல்லிய குரல்: "நான் இன்னும் போகவே இல்லியே. அதுக்குள்ள யாருடா அழறது?"

பொறுப்பாளருக்குச் சிரிப்பு வந்தது.

"அழலப்பா. பாட்டு. முடிஞ்சதும் வந்துடறேன்."

அப்போதுதான் மழை பிடித்தது. பக்தியால் கட்டிப்போட்ட கூட்டத்தை ஒரே தூறலில் மழை அவிழ்த்துவிட்டது. நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். செயலாளர் காரில் ஏறிக்கொண்டார். பொறுப்பாளர் வானத்தை அண்ணாந்து பார்த்து மழைக்கு நன்றி சொன்னார். மூதாட்டியும் மழையைப் பார்த்துச் சிரித்தமாதிரிதான் இருந்தது.

காரிலிருந்து போன் வந்தது.

"காலி நாற்காலிக்கு முன்னாடி அவங்க பாடற மாதிரி ஒரு போட்டோ வந்துச்சுன்னா விழாவே நாறிடும். யாரையாவது பிடிச்சு உக்கார வைங்க."

டீக்கடைக்காரரைப் பிடித்தார். பந்தல் போட்டவர்களைப் பிடித்தார். வாசலில் நின்ற காவலாளியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். எல்லோரும் ஈர நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, தண்டனை அனுபவிக்கிற முகத்துடன் பக்தி கேட்டார்கள். மூதாட்டியின் சிரிப்பு போய்விட்டது. குரல் கம்மியது. ஆனாலும் பாடினார்.

"என்ன பக்தி பாருங்க. உயிரைக் கொடுத்துப் பாடறாங்க" என்றார் காவலாளி.

"நம்ம உயிரையும் சேத்து" என்றார் டீக்கடைக்காரர். பால் பொங்குகிறது என்று எழுந்து போனார். பந்தல்காரர்கள் கயிறு நனைகிறதென்று போனார்கள். காவலாளி காரணமே சொல்லவில்லை. மைக்செட்காரர் பெட்டிகளுக்குத் தார்ப்பாய் தேடிப் போனவர் திரும்பவில்லை.

பொறுப்பாளர் தனியாக நின்றார். ஒருவர்கூட இல்லாமல் போனால் அவமானமாயிற்றே என்று, தானே முன்வரிசை நடுவில் உட்கார்ந்தார். மூதாட்டி அவரை உற்றுப் பார்த்தார். அவர் பணிவாகத் தலையசைத்தார். மத்தளக்காரர் உற்றுப் பார்த்தார். அவருக்கும் ஒரு தலையசைப்பு. இந்த வயதிலும் இப்படி ஒரு பிடிவாதமா என்று மனதுக்குள் சபித்துக்கொண்டே, மழையில் ஊறிக்கொண்டே, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

போன் அதிர்ந்தது. தங்கை.

"இனிமே அவசரம் இல்லண்ணா. மழையில வண்டியை வேகமா ஓட்டாதே. மெதுவா வா."

"கடைசியா கேட்டாரா?"

"கேட்டாரு. வந்துட்டே இருக்கான்னு சொன்னேன். சரின்னாரு."

போனை மடியில் வைத்தார். எழுந்து ஓட வேண்டிய இடம் இனி எதுவும் இல்லை. மாலை முழுக்க அடக்கி வைத்திருந்தது அவரை மீறிக்கொண்டு வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதார். மேடையில் அதைப் பார்த்தவர்கள் மத்தளத்தை நிறுத்திவிட்டு, குரலை மட்டும் தாழ்த்தி, ஒரு குழந்தையைத் தூங்கவைப்பதுபோலப் பாடினார்கள்.

மொழிபெயர்க்கும் பெண் குடையும் பெட்டிகளுமாக ஓடிவந்தாள். காலி மைதானத்தைப் பார்த்தாள், நடுவில் அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்தாள். மேடைமேல் ஏறி மூதாட்டியின் வாயருகே காதைக் கொடுத்தாள். மூதாட்டி பாட்டின் இடைவெளிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார். பெண் இறங்கிவந்து பொறுப்பாளர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள்.

"சார், கேக்கறவங்கள்ல கடைசி ஆள் எழுந்து போற வரைக்கும் இவங்க பாட்டை நிறுத்தக் கூடாது, நிறுத்தினா பெரிய பாவம். தொண்டை கிழிஞ்சு போச்சாம். கோவிச்சுக்காதீங்க, வீட்டுல உங்களைத் தேட ஒருத்தருமே இல்லையான்னு கேக்கறாங்க."