நடுச் சீட்டுக்காரர்

ஒரு திங்கட்கிழமை காலையில், இட்லியைப் பிட்டுக்கொண்டே, ரூபேஷ் ஒரு கொள்கை முடிவை அறிவித்தான்.

“இனிமே கொழந்தைங்கள மடியில வெச்சிக்கினு கார்ல போற பேச்சே கெடையாது. ரெண்டுக்கும் தனித்தனி சீட்டு. பெல்ட்டு போட்ட சீட்டு.”

பல்லவி சட்னிக் கிண்ணத்தோடு நின்று கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் மனிதன். ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவன். இவனுக்குப் பாதுகாப்பு ஞானம் எங்கிருந்து வந்தது?

மாமியாரிடமிருந்து வந்தது. ஸ்வாதிக்கு நாலு வயது, ராகவுக்கு ஒன்று. வாடகைக்குக் கார் எடுத்து அவனே ஓட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு மடி வேண்டும். ஒன்று பல்லவியின் மடி. இன்னொன்று ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வரும் பாப்பம்மாவின் மடி. மடி மட்டும் வந்தால் ரூபேஷ் பொறுத்துக்கொள்வான். கூடவே வாயும் வரும். “மாப்ள, லாரி. மாப்ள, எரும. மாப்ள, நீங்க கியர் மாத்தறப்ப எனுக்கு கொடல பெரட்டுது.” ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்டாட்டி பிள்ளைகளோடு மட்டும், எருமைகளைத் தன் கண்ணாலேயே பார்த்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ரூபேஷின் வாழ்க்கை லட்சியம் அவ்வளவுதான்.

குழந்தைக்குத் தனி சீட் வந்துவிட்டால் மடிக்கு வேலை இல்லை. பின்னால் இரண்டு சீட்டை மாட்டியபின் நடுவில் ஆள் உட்கார இடமில்லாத சின்னக் காராக வாங்கிவிட்டால், மாமியாருக்கும் வேலை இல்லை. பாதுகாப்புக்குப் பாதுகாப்பும் ஆச்சு.

கார் வருவதற்கு முன்னாலேயே சீட் இரண்டும் வந்துவிட்டன. பிள்ளைகள் அவற்றை சோபாவில் வைத்து, பெல்ட் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தார்கள். ரூபேஷ் டேப்பை எடுத்து சீட்டின் அகலத்தை அளந்தான். பிறகு மாமியார் வந்தால் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியையும், யாரும் பார்க்காதபோது, அளந்துகொண்டான்.

புதன்கிழமை சாயங்காலம் பல்லவியோடு ஊரிகத்துக்குப் போனான். பழைய கார் வாங்கி விற்கும் டென்சில், மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்து ஷாஃப்டின் மதிலையொட்டித்தான் வண்டிகளை நிறுத்தி வைப்பார். ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் கீழ்ப்பாதி பனியில் மறைந்திருந்தது. உச்சியில் சக்கரம் மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை என்பதை ரூபேஷ் இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டான்.

அவர்களுடைய கைக்கு எட்டும் விலையில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று குட்டிச் சிவப்பு. இன்னொன்று அகலமான சாம்பல். டேப் சொன்ன கணக்கு இது: சிவப்பில் இரண்டு சீட்டை மாட்டினால் நடுவில் பத்து அங்குலம். சாம்பலில் ஒன்றரை அடி. நாற்காலியின் அளவும் ஒன்றரை அடிதான்.

“செவப்பே எடுத்துக்கலாம்” என்றான் ரூபேஷ். “அடக்கமா கீது.”

பல்லவி குழந்தை சீட் ஒன்றைச் சிவப்பில் வைத்து பெல்ட்டால் கட்டி, ஒரு கையால் ஆட்டினாள். அது தலையாட்டிப் பொம்மையாக ஆடியது. ராகவின் சீட்டைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். முன்சீட் அதன்மேல் இடித்தது. சாம்பலுக்குப் போனாள். அங்கே சீட்டின் இடுக்கிலேயே கொக்கி மாட்ட இரும்பு வளையம் இருந்தது. டக்கென்று மாட்டினாள். அசையவில்லை.

“கொழந்தைங்க பாதுகாப்புன்னு சொன்னது நீங்கதானே?” என்றாள்.

“இதுல இன்னொண்ணு கீது மேன்” என்று டென்சில் மீட்டரைக் காட்டினார். அதில் மூன்று குட்டி மனிதர்கள் வரிசையாக இருந்தார்கள். “பின்னாடி மூணு சீட்டு. ஆள் இல்லன்னா லைட்டு இல்ல. ஆள் உக்காந்து பெல்ட்டு போடலன்னா செவப்பு, சத்தம் போடும். போட்டுட்டா பச்ச. நாலு நாள் வூட்ல வெச்சி ஓட்டிப் பாரு, அப்பறம் பேசலாம்.”

சிவப்பு தோற்றுவிட்டது என்று ரூபேஷுக்குப் புரிந்தது. நேர்வழி மூடிவிட்டதால் குறுக்கு வழியில் இறங்கினான். பல்லவியை டென்சிலிடம் பேசச் சொல்லிவிட்டு, இஞ்சின் பார்க்கிறேன் என்று சாம்பலை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போனான். திரும்பி வரும்போது முகத்தில் பேயறைந்த களையை வரவழைத்துக்கொண்டான். அதே வண்டியில் பல்லவியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டில் பாப்பம்மா பேரனைப் பார்த்துக்கொண்டே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்றே ரூபேஷ் ஆரம்பித்தான்.

“அந்த வண்டி வேணாம் பல்லவி. ஷாஃப்ட் கேட்டாண்ட தானா நின்னுச்சி. பின்னாடி கதவு தொறந்து மூடுன சத்தம். மீட்டர பாக்கறேன், நடு சீட்டு செவப்பா எரியுது. கண்ணாடியில பாத்தா தலையில லைட்டு கட்டுன ஆளு ஒருத்தன். மூஞ்சி தெரியல. ‘ஷிஃப்டு முடிஞ்சிச்சி, டோக்கன் குடுக்கணும்’னு மெதுவா சொன்னான்.”

டோக்கன் என்றால் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்தில் இறங்குகிறவன் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவான். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பான். வில்லை வராவிட்டால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று கணக்கு. தன் கற்பனையின் தரத்தில் ரூபேஷுக்கே உடம்பு சிலிர்த்தது.

பாப்பம்மா கத்தியை நிறுத்தினாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

“நம்பர் இன்னா மாப்ள?”

“இன்னா நம்பரு?”

“டோக்கன் நம்பரு. குடுக்கணும்னு சொன்னவன் நம்பர் சொல்லாம இருப்பானா?”

இதை அவன் யோசித்து வைக்கவில்லை. யோசனை ஓடாத நேரத்தில் அவன் கட்டை விரல் கையிலிருந்த சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தது. விரல் எதைத் தடவியதோ அதையே வாய் சொல்லிவிட்டது.

“ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு.”

பல்லவி அவன் கையைப் பார்த்தாள். சாவிக்கொத்தில் தொங்கிய பித்தளை வில்லையைப் பார்த்தாள்.

“அது எங்க வூட்டுக்காரரு நம்பரு” என்றாள் பாப்பம்மா.

“அத்தே, மாமா மைன்ஸ்ல சாகலியே. வூட்டு கட்டில்லதானே…”

“மூடுன அன்னிக்கி திருப்பி குடுக்காமலே வந்துட்டாரு. சாவுற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தாரு. கணக்குப்படி நான் இன்னும் கீழதான் கீறேன் பாப்பின்னு.” அவள் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். “எத்தினி வருசமா அந்த கேட்டாண்ட நின்னாரோ. மாப்ள, அந்த வண்டியையே எடுங்க. வண்டியில ஏறுன மனுசன திருப்பிக் கொண்டுபோயி அங்கியே வுட்டுட்டு வந்தா, வுட்டவனுக்குத் தூக்கம் வராது.”

“அத்தே, நடு சீட்டுல அவரு இருந்தா உங்களுக்கு எடம்?”

“எனுக்கு எடம் வுட மாட்டாரா? நாப்பது வருசம் கட்டில்ல வுட்டாரு.”

மறுநாள் வியாழக்கிழமை காலையிலிருந்து வீட்டில் ஏதோ சரியில்லை. வாசல் கதவு தானாகத் திறந்தது. தானாகவே மூடிக்கொண்டது. ரூபேஷ் பல் விளக்கும்போது ஒரு முறை, சாமி கும்பிடும்போது ஒரு முறை, படாரென்று. ஒவ்வொரு படாருக்கும் அவன் அரை அடி எகிறினான். பேய்க்கதை தான் விட்டதுதான் என்று நெஞ்சுக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியவில்லை.

இந்த வண்டி கூடவே இருந்தால் ஆகாது, டென்சிலிடமே விட்டுவிடலாம் என்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையிலிருந்து கிளம்பினான். மார்கழிப் பனி இறங்கிவிட்டது. ஊரிகத்து லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. சுரங்கத்துக் கழிவு மண்மேடு வலப்பக்கம் நீண்டுகொண்டே வந்தது. ஷாஃப்ட் கேட் வந்ததும் சாலையில் வேகத்தடையாக ஒரு ஹம்ப். வண்டி ஏறி இறங்கியது. பின்னால் ஏதோ புரண்டு உட்கார்ந்த சத்தம்.

பீப். பீப். பீப்.

மீட்டரில் நடு மனிதன் சிவப்பாக எரிந்தான்.

இது நேற்று எரியவில்லை. நேற்று எரிந்ததாகச் சொன்னவன் அவன்தான். ரூபேஷ் வண்டியை நிறுத்தினான். அணைத்துப் போட்டான். மறுபடி எரிந்தது. கண்ணாடியில் பார்க்க மனம் வரவில்லை. பார்க்காமல் இருப்பது அதைவிட மோசம் என்று பார்த்தான். ஆள் இல்லை. ஆனால் நடுவில் மட்டும் சீட் உறை கசங்கி, யாரோ அமர்ந்து உடம்பைச் சரி செய்துகொண்ட மாதிரி சுருங்கியிருந்தது.

“மாமா?” என்றான்.

பீப். பீப்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் சும்மா ஒரு பேச்சுக்கு…”

பீப். பீப். பீப்.

இறங்கிப் போனான். பின்கதவைத் திறந்தான். உடம்பை வெளியிலேயே வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, காலியான நடுச் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். கிளிக்.

சத்தம் நின்றது. சிவப்பு மனிதன் பச்சையானான்.

நின்றதுதான் அவனை உலுக்கிவிட்டது. டென்சிலின் இடம் நூறு அடி தூரத்தில் இருந்தது. ரூபேஷ் வண்டியைத் திருப்பினான். வழியெல்லாம் ஒவ்வொரு ஹம்ப் வரும்போதும், “மாமா, ஹம்ப்பு, புடிச்சிக்கங்க” என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் வீடு வந்து சேர்ந்தான்.

பல்லவி வாசலில் நின்றாள். “இன்னாங்க, வண்டிய வுட்டுட்டு வர்றேன்னு போன் பண்ணீங்க?”

“வண்டி நல்லா கீது. இதையே எடுத்துக்கலாம்.”

அவள் குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள். யாருமில்லாத இடத்தில் பெல்ட் ஒழுங்காக மாட்டியிருந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பாவம், பயந்துவிட்டாள் என்று ரூபேஷ் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்மசந்திரா கோயிலுக்குப் போய் வண்டிக்குப் பூஜை போடுவதாக ஏற்பாடு. பாப்பம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் விடியும்போதே வந்துவிட்டாள். கையில் வெற்றிலைப் பொட்டலம் இருந்தது. அவள் வெற்றிலை போடுவதில்லை. அவள் புருஷன் போடுவார். அதைப் பார்த்தபோது ரூபேஷுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு எருமைக்காக ஒரு மனுஷியின் மனதில் இவ்வளவு தூரம் விளையாடியிருக்க வேண்டாம்.

குழந்தை சீட்டுகளை மாட்டப் பின்பக்கம் ஏறினான். கொக்கிக்காகச் சீட் உறையைத் தூக்கினான். உறைக்குள்ளிருந்து கனமான ஒன்று உருண்டு வந்து அவன் முழங்காலில் முட்டியது.

உருளைக் கல். மாமனார் காலத்தில் சுரங்கத்தில் துளை போட்டு எடுத்தது. வழவழவென்று, முழங்கை நீளம், நாலு கிலோ தேறும். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் கல்லைத்தான் பல்லவி வாசல் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க அண்டை கொடுத்து வைத்திருப்பாள்.

கதவு ஏன் மூன்று நாளாகப் படார் படார் என்கிறது என்பது ரூபேஷுக்கு அப்போதுதான் விளங்கியது. கல்லைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

“இது இன்னா?”

பல்லவி பிளாஸ்கை மூடினாள். “கல்லு.”

“பேயுமில்ல, பிசாசுமில்ல. நீ வெச்ச கல்லு. இப்பவே அத்தைகிட்ட சொல்றேன். நடு சீட்டுல யாரும் இல்ல, அதுக்காக அவங்க வரத் தேவையில்லன்னு.”

“சொல்லுங்க. ஆனா நான் வெச்சது வியாழக்கெழம காலைல.”

“அதுக்கு இன்னா?”

“நீங்க லைட்ட பாத்தது புதங்கெழம சாயங்காலம். டோக்கன் கேட்ட ஆள பாத்ததும் புதங்கெழம. அதெல்லாம் எந்த கல்லுங்க?”

ரூபேஷ் கல்லை இடுப்புக்கு மாற்றிக்கொண்டான்.

“புதங்கெழம கத பொய்யின்னா எதுக்கு சொன்னீங்கன்னு அம்மா கேக்கும். செவப்பு வண்டின்னு சொல்லுவீங்க. செவப்பு எதுக்குன்னு கேக்கும். பத்து அங்குலம்னு சொல்லுவீங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பிளாஸ்டிக் சேர டேப் வெச்சி அளந்தத ஸ்வாதி பாத்துட்டா. அப்பா பாட்டியோட சேருக்கு சட்ட தைக்கப் போறாருன்னு எங்கிட்ட சொன்னா. அதையும் நானே சொல்லட்டா?”

வாசலில் பாப்பம்மா பேரனிடம், “தாத்தா நம்பகூட வர்றாருடா கண்ணு” என்று சொல்வது கேட்டது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை உடைக்கும் துணிச்சல் ரூபேஷிடம் இல்லை. கல்லைக் கொண்டுபோய்க் கதவுக்கு அண்டை கொடுத்தான். கதவு அடங்கியது.

சீட் இரண்டும் அசையாமல் உட்கார்ந்தன. இடையில் ஒன்றரை அடி. பாப்பம்மா அளவெடுத்த மாதிரி அதில் பொருந்தி, பெல்ட்டைப் போட்டு, வெற்றிலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ரூபேஷ் சாவியைத் திருப்பினான். நடு மனிதன் பச்சையாக எரிந்தான்.

பீப். பீப். பீப்.

கல்லை எடுத்தாயிற்றே. மெல்லக் கண்ணாடியில் பார்த்தான். ஸ்வாதி பெல்ட் போட்டிருந்தாள். ராகவும் மாமியாரும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பல்லவியும் போட்டிருந்தாள். விரல் விட்டு எண்ணினான். நாலு பேர்தான். பீப் நிற்கவில்லை.

“அத்தே,” என்றான், “யாருக்கு கத்துது?”

“உங்களுக்குதான் மாப்ள” என்றாள் பாப்பம்மா. “நாங்க அஞ்சு பேரும் அப்பவே போட்டுட்டோம்.”