சிரித்த சிங்கமும் எங்கள் பெயிண்டர் அண்ணனும்

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் அத்தனையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிக்கிற மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர்தான் எங்கள் பெயிண்டர் அண்ணன். உலகத்தில் யுத்தம் வந்தாலும் சரி, அரிசி விலை ஏறினாலும் சரி, கரடிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்த பிறகுதான் அவருக்கு மற்றதெல்லாம்.

கரடி என்றால் காட்டுக் கரடி இல்லை. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையின் கடைசி இரண்டு பக்கங்களில் சிறுவர்களுக்கென்று படக்கதை போடுவார்கள். அதில் மூக்குக் கண்ணாடி போட்ட கரடி ஒன்று வைத்தியம் பார்க்கும். முயல் அதற்குக் கம்பவுண்டர். பக்கத்து ஓரத்தில் பெட்டி கட்டி ஒரு குழந்தைப் பாட்டும் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் படித்தார்களோ இல்லையோ, நாற்பதைத் தாண்டிய எங்கள் அண்ணன் எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டு, விரல் வைத்துப் படிப்பார்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், தூள் சலிக்கிற காம்பராவில் வேலையாக இருந்தேன். எனக்குப் படிப்பு தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. அண்ணன் அதே ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் போடுகிறவர். எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டியில் வைத்து, தோட்டத்தின் பேரையும் தூளின் ரகத்தையும் கறுப்பு மையால் பதிப்பார். மழை விட்டால் கூரைத் தகரங்களுக்குச் சிவப்பு அடிப்பதும் அவர்தான். சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சம்சாரமே “எங்க வீட்டுப் பெயிண்டரு” என்றுதான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூஞ்சியைக் கழுவிக் கொண்டு, திருநீறு பூசிக் கொண்டு, மூடுபனியில் அப்புத்தளைக்கு நடையைக் கட்டுவார். கூட நானும் போவேன். எனக்குக் கடைச் சாமான் வாங்க வேண்டும், அவருக்குக் கரடி வேண்டும். ரயில் நிலையத்துக்குக் கீழே முஸ்லிம் நானா ஒருவரின் கடை. பத்திரிகை அங்கேதான் வரும்.

“நானா, வந்திருச்சுங்களா?”

“எது? பத்திரிகையா, கரடியா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே.”

“ஒங்கட கரடி இன்னும் நானுஓயாவில நிக்குது. மலை ஏற மூச்சு வாங்குதாம்.”

“பாவம், வயசான கரடிங்க” என்று சொல்லிவிட்டு, ரயில் வரும்வரை கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். நானாவுக்கு அதற்கு மேல் கிண்டல் பண்ண மனம் வராது. அவரே ஒரு தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிடுவார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கவலைதான். “தம்பி, இந்த வாரம் கரடிக்கே பல்லு வலி. டாக்டருக்குப் பல்லு வலின்னா யாருகிட்டப் போறது?”

“தெரியலையேண்ணே.”

“எனக்கும் தெரியல. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் எப்புடித்தான் தூங்குறது?”

பாட்டுகளை மனப்பாடம் பண்ணிவிடுவார். பெட்டிக்கு மை தடவுகிற தாளத்துக்கு அது வாயிலிருந்து வரும். அப்படி அவர் மாதக்கணக்கில் பாடிய ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது:

கோட்டு வாங்கிப் போட்டுக்கிட்டுக்
குரங்கு டவுனு போனதாம்;
வாலை எங்கே வைப்பதென்று
வழி நெடுக அழுததாம்.

இந்தக் குரங்கால் ஒரு நாள் எல்லாருக்கும் வேலை போகப் பார்த்தது. தோட்டத்தை நிர்வகிக்கிற வெள்ளைக்காரப் பெரிய தொரை புதுக் கோட்டு ஒன்று போட்டுக் கொண்டு ஸ்டோருக்கு வந்தார். பின்பக்கம் நீளமாய்த் தொங்குகிற கோட்டு. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். இயந்திர ரோதைகளின் சத்தத்தையும் மீறி ஸ்டோர் அதிரச் சிரித்தார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா பதறிப் போய் ஓடி வந்தார். “அவன் ஏன் சிரிக்கிறான்?” என்று தொரை கேட்க, ஐயா திக்கித் திணறி, “உங்களைப் பார்த்த சந்தோஷம், தொரை” என்று சொல்லி வைத்தார்.

தொரை முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் நேரே பெட்டிகளுக்கு முன்னால் வந்து நிற்பார். அண்ணன் சிரித்தால்தான் நகர்வார். காய்ச்சல் வந்த நாளிலும் அவர் சிரித்தாக வேண்டும். “இன்னைக்குச் சிரிப்பே வரல தம்பி. அந்த வாலை நெனைச்சு ஒப்பேத்திட்டேன்” என்பார் என்னிடம்.

இன்னொரு தடவை அந்தக் கம்பவுண்டர் முயலை நரி பிடித்துக் கொண்டு போய் அண்டாவில் போட்டுவிட்டது. அதோடு அந்த வாரக் கதை முடிந்தது. அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக் கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனார், கையில் அர்ச்சனைத் தட்டோடு.

“யாரு பேருக்கு?” என்றார் பூசாரி.

“ஒரு முயலு பேருக்குங்க சாமி.”

பூசாரி நல்ல மனிதர். தோட்டத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அர்ச்சனை பண்ணிப் பழக்கப்பட்டவர். “என்ன நட்சத்திரம்?” என்று கேட்டார்.

“அதெல்லாம் தெரியாதுங்க. நரி அடுப்பப் பத்த வச்சிருச்சு. வெரசாப் பண்ணுங்க!”

பூசாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மணியை எடுத்து ஆட்டிவிட்டார். அடுத்த வாரம் முயல் தப்பித்தது. விறகு ஈரமாய் இருந்ததால் அடுப்புப் பற்றவில்லையாம். “மழை பெய்ய வச்சது யாரு? அம்மாதான்!” என்று அண்ணன் அன்று இங்கே பெய்த மழையிலேயே ஓடித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். நீங்கள் சிரிக்கலாம். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவரோடு சேர்ந்து கன்னத்தில் போட்டுக் கொண்டேன்.

படித்தால் மட்டும் போதாது அவருக்கு, வரையவும் வேண்டும். கரித்துண்டு, சுண்ணாம்பு, மிச்ச மை, எது கிடைத்தாலும் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அந்த லயத்துச் சுவரில் ஏதாவது ஒரு பிராணி முளைத்துவிடும். அவர் கைக்கு ஒரு பழக்கம்: அது வரைகிற எல்லாம் சிரிக்கும். மாடு சிரிக்கும், பாம்பு சிரிக்கும், நம் இரத்தத்தை உறிஞ்சுகிற அட்டைகூட வாய்கொள்ளாமல் சிரிக்கும். அவர் சம்சாரம் சுண்ணாம்புச் சட்டியோடு வந்து, “நாலு செவுத்துலயும் கண்ட மிருகமும் பல்லக் காட்டுது. நான் எந்தப் பக்கம் திரும்பிச் சீலை கட்டுறது?” என்று கத்தும். அழித்துவிட்டுப் போகும். மறுநாள் வேறொன்று சிரிக்கும்.

இந்தக் கையால்தான் அந்த வருஷத் திருவிழாவில் எல்லாம் தலைகீழானது.

எங்கள் அம்மனுக்கு மரத்தில் செய்த சிங்க வாகனம் ஒன்று உண்டு. பிதுங்கின கண்ணும், தொங்குகிற சிவப்பு நாக்குமாக, பகலிலேயே பார்க்கப் பயமாய் இருக்கும். தேர் நாளன்று மத்தியானம் அம்மன் அதன்மேல் ஏறி லயம் லயமாக வருவாள். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளைத் தாய்மார் வாசலில் வைத்துக் கொண்டு நிற்பார்கள். பிள்ளையைச் சிங்கத்தின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். அது வீறிட்டு அழும். உடனே பூசாரி திருநீறு பூசி, “பயம் போச்சு!” என்பார். ஆயுசுக்கும் பிள்ளைக்குப் பயம் இல்லை. இது எங்கள் தோட்டத்து வழக்கம். நானும் அப்படி அழுதவன்தான், என் பிள்ளைகளும் அழுததுகள்.

சிங்கத்துக்கு வர்ணம் பூச வழக்கமாகப் பதுளையிலிருந்து ஓர் ஆசாரி வருவார். அந்த வருஷம் அவர் நோயில் படுத்துவிட்டார். கோயில் தலைவர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி. அவர் செருமினால் லயத்து நாய்கூட எழுந்து நிற்கும், அப்படி ஒரு மீசை. அவர் பெயிண்டர் அண்ணனைக் கூப்பிட்டு, “நீ அடிடா” என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் அதைப் பெரிய பாக்கியமாக எடுத்துக் கொண்டார். மாமிசத்தை விட்டார், வெற்றிலையை விட்டார். “தம்பி, விரதம் முடியிற வரைக்கும் கரடியத் தொட மாட்டேன்” என்று சொன்னபோதுதான் நான் அசந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனதைப் பார்த்து நானா பதறிவிட்டார்: “அண்ணனுக்கு என்ன சுகமில்லையா? கரடி வந்து காத்துக்கிட்டு நிக்குது!”

திரை கட்டி, உள்ளே ஒருவரையும் விடாமல் வேலை நடந்தது. கண் திறப்பதுதான் கடைசி வேலை. தேர் நாள் காலையில் குளித்து, ஈர வேட்டியோடு போய்க் கண்ணை எழுதினார். பூசாரி கற்பூரம் காட்டினார். மேளம் கொட்டியது. திரையை இழுத்தார்கள்.

மேளம் நின்றுவிட்டது.

சிங்கம் சிரித்தது. காதுவரைக்கும் வாய். இரண்டு கன்னமும் உப்பி, கண்கள் பாதி மூடி, இப்போதுதான் சர்க்கரை போட்ட தேத்தண்ணி குடித்து முடித்த மாதிரி ஒரு முகம். தொங்குகிற நாக்கைக்கூட உதட்டை நக்குகிற நாக்காக்கி வைத்திருந்தார். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, “ஆத்தா வாகனம் பல்ல இளிக்குதே!” என்று தலையில் அடித்துக் கொண்டாள்.

“என்னடா இது?” என்றார் கங்காணி.

“சிங்கமுங்க ஐயா.”

“சிங்கம் சிரிக்குமாடா?”

“அம்மா சத்தியமாக் கோவமாத்தானுங்க எழுதுனேன். கண்ணை எழுதி முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பாத்தா, அது சிரிச்சுக்கிட்டு இருக்குங்க.”

“அழிச்சிட்டு வேற அடிடா!”

பூசாரி குறுக்கே வந்தார். “முடியாதுங்க ஐயா. கண் தொறந்தாச்சு. இனி அடுத்த திருவிழா வரைக்கும் அதுமேல பிரசு படக் கூடாது.”

கங்காணி மீசையை முறுக்கினார். “சரி. இந்தச் சிங்கத்தோடயே போவோம். ஆனா கேட்டுக்க. புள்ளைங்க அழுகணும். ஒண்ணுகூட அழுகாம ஊர்வலம் திரும்பி வந்துச்சுன்னா, அம்மா ஒன் கைய ஏத்துக்கலன்னு அர்த்தம். அப்புறம் நீ இந்தக் கோயில் படி ஏறக் கூடாது.”

அண்ணனின் முகம் செத்துப் போயிற்று. விளக்கு வைக்காமல் வெள்ளிக்கிழமை வாயில் தண்ணீர் விடாத மனிதர். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட அவர் அப்படிக் கலங்கியிருக்க மாட்டார்.

ஊர்வலம் புறப்பட்டது. வாகனத்துக்குப் பின்னால் கை கூப்பியபடி அண்ணன் வந்தார். “அம்மா, அழுக வையி. தாயே, ஒரே ஒரு புள்ளய அழுக வையி” என்று உதடு முணுமுணுத்தது. பிராணிகளைக் கண்டு சிரிக்கவே பிறந்த மனிதர், பிள்ளைகளின் அழுகைக்காக அப்படி வேண்டிக் கொண்டு வந்ததை நான் பக்கத்திலேயே நடந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் நானும் கூடவே கை கூப்பினேன்.

முதல் லயத்தில் முதல் பிள்ளை. சிங்கத்தைப் பார்த்தது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அடுத்தது கெக்கலி கொட்டிக் காலை உதைத்தது. இன்னொன்று எட்டிச் சிங்கத்தின் மூக்கில் எச்சிலைத் தடவியது. வாசலுக்கு வாசல் கங்காணி திரும்பி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார்.

பொறுக்க முடியாமல் அண்ணன் ஒரு தாயின் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னார்: “யம்மாடி, புள்ளய லேசாக் கிள்ளேன்.”

“எம்புள்ளய நான் ஏன் கிள்ளணும்? ஒங்க சிங்கத்தக் கிள்ளுங்க, அது அழுகட்டும்!” என்று அந்தப் பெண் பொரிந்து தள்ளிவிட்டாள்.

கடைசி வாசல் கங்காணியுடையது. அவர் மகள் பண்டாரவளையிலிருந்து பிரசவத்துக்கு வந்து, பேரன் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கங்காணி பேரனைத் தானே வாங்கி, சிங்கத்தின் முகத்துக்கு நேரே பிடித்தார். அண்ணன் கண்ணை மூடிக் கொண்டார்.

பிள்ளை பார்த்தது. சிரித்தது. இரண்டு கையாலும் சிங்கத்தின் காதைப் பிடித்துக் கொண்டது. “போதும், வாடா ராசா” என்று கங்காணி பிள்ளையைப் பிரித்து இழுத்தார்.

அப்போது வீறிட்டதையா ஓர் அழுகை! எதிர்மலையில் கொழுந்து எடுத்தவர்கள் இருந்திருந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பார்கள். கையை நீட்டிச் சிங்கத்தையே பார்த்து, மூஞ்சி சிவந்து, உடம்பை வில்லாக வளைத்துக் கொண்டு அழுதது. பூசாரி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. பாய்ந்து திருநீற்றைப் பூசினார். “பயம் போச்சு!”

“என்ன பூசாரி, இது பயத்துலயா அழுகுது?” என்றார் கங்காணி.

“அழுகணும்னுதானுங்க நீங்க சொன்னீங்க. எதுக்கு அழுகணும்னு சொல்லலையே!”

பிள்ளை நிறுத்தவில்லை. வேறு வழியில்லாமல் கங்காணி மறுபடியும் சிங்கத்தின் பக்கத்தில் கொண்டு போனார். அழுகை நின்றது. விலகினார், ஆரம்பித்தது. கடைசியில் அந்தப் பெரிய மீசைக்காரர், பேரன் சிங்கத்தின் காதைப் பிடித்தபடி இருக்க, வாகனத்தை ஒட்டியே கோயில்வரை நடந்து வந்தார். சிரிக்கிற சிங்கம், சிரிக்கிற பிள்ளை, நடுவில் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு படுகிற கங்காணி.

கோயில் வந்ததும் அண்ணன் வெளியிலேயே நின்றுவிட்டார். படியைப் பார்த்துக் கொண்டு நின்றார். கங்காணி திரும்பிப் பார்த்து, “டேய் பெயிண்டர், அங்க என்னடா நிக்கிற? உள்ள வந்து வாகனத்துக்குக் கை குடு” என்றார். அண்ணன் படியில் விழுந்து கும்பிட்டு, எழுந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றைக்கு அழுதவர்களில் அவர்தான் இரண்டாவது ஆள்.

அண்ணன் பிறகு மகளோடு மொனராகலைப் பக்கம் போய், அங்கேயே கண்ணை மூடிவிட்டார். எனக்கும் பேரப்பிள்ளைகள் எடுத்தாயிற்று. இப்போதும் வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்று கண்ணை மூடினால், சில நாள் என்னை அறியாமல் சிரித்துவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அம்மா என்னைக் கோபிக்க மாட்டாள். அவளுக்கும் அவரைத் தெரியுமே.