கட்டிலை விட்டு இறங்காத சட்டம்

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் நான் போட்ட ஒரே சட்டத்தின் கதை இது.

மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறிய என் மனைவி, மூன்று இறக்கைகளையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் விழுந்தாள். வேலையில் அவ்வளவு சுத்தம். கணுக்காலில் விரிசல். மாவுக்கட்டு போட்ட டாக்டர், "நான் சொல்ற வரைக்கும் காலைக் கீழே ஊனக்கூடாது" என்றார். மறுநாளே ஒற்றைக்காலில் நொண்டியடித்துச் சமையலறைக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

நான் பத்திரம் எழுதுபவன். எடுத்தேன் பேனாவை.

"மேற்படி மனைவி எட்டு வாரத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. குளியலறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கணவன் தோளே துணை. இதை எவரும் எக்காலத்திலும் ரத்து செய்யவோ திருத்தவோ இயலாது."

நிதானமாகப் படித்தாள்.

"யாருமேவா?"

"யாருமே!"

"நீங்க?"

"நானே நினைச்சாலும் முடியாது!"

"அப்ப சரி." கையெழுத்துப் போட்டுவிட்டாள். சண்டையே இல்லாத வெற்றி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காலையில் சட்டம் எழுதிய கை மாலையில் சட்டி கழுவியது.

"ஏங்க, ஏதோ தீயற வாசனை வருதே?"

"கொஞ்சம் வந்துதான் பாரேன்!"

"ஐயோ, சட்டம்!"

தலை வாரவும் நானேதான். கண்ணாடி எதிர்ச் சுவரில் இருந்ததாம், இறங்க முடியாதாம். என் முதல் பின்னல், கிணற்றுக் கயிறு அறுந்த மாதிரி இருந்தது. ஆனால் பின்னப் பின்னப் பேசினாள். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்துப் பயந்த கதையெல்லாம் சொன்னாள். நான் அவளுக்குப் பயப்பட்ட கதையைச் சொன்னேன். என்னுடையதுதான் நீளம்.

ஐந்தாம் வாரம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். நான் மாத்திரை வாங்கிவிட்டு வந்து, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஆறிட்டு வருதாம்" என்றாள். மறுபடி தோள், மறுபடி சட்டி.

எட்டாம் வாரம் அவளைத் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்க டாக்டர் அறைக்குள் நுழைந்தேன். அவர் பதறிப்போனார்.

"என்ன சார் இது? கட்டுப் பிரிச்ச அன்னிக்கே தாராளமா நடக்கலாம்னு அம்மாகிட்ட சொன்னேனே!"

திரும்பிப் பார்த்தேன்.

"சொன்னாருதான். ரத்து பண்ண அவருக்கு ஏதுங்க அதிகாரம்?"

கோபப்பட நினைத்தேன், வரவில்லை. வீடு வந்ததும் விடுவிடென்று நடந்து போய்ச் சீப்பை எடுத்து வந்தாள். என் கையில் திணித்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அதான் குணமாயிடுச்சேடி!"

"கால்தாங்க குணமாச்சு. தலை அப்படியேதானே இருக்கு?"