உன் ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புகிறேன்

தம்பிக்கு உன் அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே நலம், அங்கே நலமா என்று தொடங்க வேண்டும் என ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் சொல்லிக்கொடுப்பதற்குள் நீ பிறந்துவிட்டாய். உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். ஆகவே இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை ஏதாவது இருந்தால் அது உன்னால் வந்தது. நீயும் உன் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் முழங்கால் வலியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வருத்தப்பட்டேன் என்று எழுதவில்லை, கேள்விப்பட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நீ தபாலில் அனுப்பிய, குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டுகிற ஸ்கோப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். ‘இது போதும்’ என்று எழுதியிருந்தாய். பதினொரு வருஷம் பேசாமலிருந்த அக்காவுக்கு இரண்டு சொல். எங்களுக்கு ஸ்கோப் தேவை என்று உனக்கு யார் சொன்னது என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். என் பேத்திதான். அவளை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொரு வருஷம் ஏன் பேசவில்லை என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு அந்த மேசை விரிப்பின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது, பச்சை, ஓரத்தில் மைக்கறை. ரைஃபிள் கிளப்பின் ஆண்டுப் போட்டி. உன் அத்தானுக்குக் கடைசிக் குண்டு. சுட்ட குறி அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். ஓட்டை நடுவட்டத்தின் கோட்டைத் தொட்டால் பத்து, தொடாவிட்டால் ஒன்பது. மதிப்பெண் போடும் நாற்காலியில் நீ. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாய், அதைத் துடைத்தாய், மறுபடி பார்த்தாய், ‘தொடலை, ஒன்பது’ என்றாய். அந்த ஒரு புள்ளியில் கோப்பை மருந்துக்கடைக்காரர் கைக்குப் போனது. நிஜமாகவே தொட்டதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அக்கா புருஷன் சுட்டால் தொட்டது என்று சொல்வதற்குத்தான் ஒரு தம்பி. உன் அத்தான் வீடு வந்து சேர்வதற்குள் அதை மறந்துவிட்டார். அடுத்த வாரமே, உன் தம்பியைக் காணோமே என்று கேட்டார். மறந்துபோகிறவருக்கும் சேர்த்து நானே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

போன வருஷக் கடைசியில் ஆரம்பித்தது இது. துப்பாக்கிக் குழல் முனையில் இருக்கிற சின்னக் குறி சரியாகத் தெரியவில்லை என்றார் உன் அத்தான். கடைசல் பட்டறையில் நாற்பது வருஷம் தலைமயிர் கனத்துக்கு இரும்பைச் சீவிய கண்ணு அது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, வயசு எழுபத்தாறு ஆகுது, எழுபது தாண்டினவங்க ஸ்கோப் மாட்டிக்கிட்டுச் சுடலாம்னு கிளப்புல புது விதி வேற போட்டிருக்காங்க, ஒண்ணு வாங்கிட்டாப் போச்சுன்னு பேத்தியை போன்ல தேடச் சொன்னேன். அவள் தேடிப் படித்தாள். ஒருத்தன் இதைவிட நல்ல ஸ்கோப் உலகத்துலேயே கிடையாதுங்கிறான். அதே ஸ்கோப்பை இன்னொருத்தன், காத்துல கதவு அடிச்சுக்காம இருக்க முட்டுக்குடுக்கக்கூட லாயக்கில்லைங்கிறான். ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம்னு வாரி இறைச்சிருக்கானுங்க. படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு யாரையும் பிடிக்காம போச்சு.

கடைசியில் நானே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். மாடியில் இருக்கிறது, இருபத்தாறு படி. எத்தனை மடங்கு பெருசாக் காட்டணும்மான்னு கடைக்காரர் கேட்டார். எனக்கு என்ன தெரியும், கையிருப்புல எது பெரிய எண்ணோ அதைக் குடுங்கன்னு சொன்னேன். இருபத்துநாலு மடங்குன்னு ஒண்ணை எடுத்து வெச்சார். துப்பாக்கியைவிட அது கனம். சாக்கடைக் குழாயைத் தூக்கித் துப்பாக்கி முதுகுல கட்டின மாதிரி இருந்தது. உன் அத்தான் தடவிப் பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்கு, பழகணும்னார். பழகினார், பழகினார், பத்து நாள் பழகினார். நானும் ஒரு நாள் கூடப் போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். அட்டை இருக்கிறது பத்து மீட்டர்ல, இந்தக் கண்ணாடியைச் செஞ்சிருக்கிறது நூறு மீட்டருக்கு. உள்ளே அட்டையே தெரியலை, நடுவுல இருக்கிற கறுப்பு வட்டம் மட்டும் தண்ணியில விழுந்த மையாட்டம் கலங்கிப்போய்த் தெரியுது. அதுவும் நிக்க மாட்டேங்குது, கிடுகிடுன்னு ஆடுது. இது என்னங்க, சாமானே பழுதாங்கன்னு அங்கே மேற்பார்வை பார்க்கிறவரைக் கேட்டேன். “அது ஆடலைம்மா, நீங்க ஆடறீங்க. பெருசாக் காட்டறது நம்ம நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெருசாக் காட்டும்”னார். எனக்கு எழுபத்துமூணு வயசு, எனக்கு நடுக்கம் இருக்குன்னு சொன்ன முதல் ஆள் அவர். குறிச்சு வெச்சிருக்கேன்.

மறுபடி இருபத்தாறு படி. அதைத் திருப்பிக் குடுத்துட்டு ஒன்பது மடங்கு ஒண்ணை வாங்கினேன். பெரிய துப்பாக்கியில மாட்டறது, பார்க்க வாட்டசாட்டமா இருந்தது, தள்ளுபடியும் இருந்தது. தள்ளுபடின்னு எழுதியிருந்தா நான் ஏமாறுவேன்னு உனக்குத் தெரியும், அதை உன் கல்யாணத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிச்சே, அதுவும் ஞாபகம் இருக்கு. இந்த ஸ்கோப்புக்குள்ள கூட்டல் குறி மாதிரி ஒரு கோடு இருக்குமில்லையா, அது மூணாவது வாரம் சாய்ஞ்சு பெருக்கல் குறி ஆயிடுச்சு. மறுபடி இருபத்தாறு படி. கடைக்காரர் கூலா சொல்றார், பெரிய துப்பாக்கி ஒரு தடவை பின்னால உதைக்கும், அதோட சரி, உங்க ஸ்பிரிங் வெச்ச காத்துத் துப்பாக்கி பின்னாலயும் உதைக்கும், உடனே முன்னாலயும் இழுக்கும், அதைத் தாங்கறதுக்குன்னே தனியாச் செஞ்ச ஸ்கோப்தான் போடணும்மான்னு. இதை முதல்லயே சொல்றதுக்கு வாய்க்குப் பூட்டாப் போட்டிருந்தீங்கன்னு கேட்டேன். நீங்க கேக்கலையேன்னார். இவ்வளவுக்கும் நடுவுல உன் அத்தான் ஒரு தடவைகூடச் சலிச்சுக்கலை. போனாப் போகுது, வேற பார்க்கலாம்னுதான் சொன்னார். மனுஷன் எவ்வளவு பொறுமைன்னு நினைச்சேன்.

அப்போதான் உன் பார்சல் வந்தது. பிரிச்சா விரல் நீளத்துக்கு ஒரு சின்னச் சாமான். நாலு மடங்கு. கடைக்காரர்கிட்ட கேட்டிருந்தா இதைச் சும்மாவே குடுத்திருப்பார்னு நினைச்சேன். தூக்கிப் பரண்மேல போட்டேன். பேத்தி எடுத்துக் குடுத்திருக்கா, அவர் கிளப்புக்குக் கொண்டுபோய் மாட்டிக்கிட்டார். நீ அனுப்பினது விளங்காமப் போறதைக் கண்ணால பார்க்கணும்னே நானும் ஞாயித்துக்கிழமை கூடப் போனேன். பொய் சொல்ல மாட்டேன், அதுக்குத்தான் போனேன்.

உன் அத்தானுக்கு ஆறாம் எண் இடம். ஏழுல யாரு, அந்த மருந்துக்கடைக்காரர். நான் அவரைப் பார்க்கலை, அவர் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காது மட்டும் திறந்திருந்தது. ஒரு துப்பாக்கிச் சத்தம்தான் கேக்குது. பத்துத் தடவை கேட்டது, பத்தும் நம்ம துப்பாக்கி. ஏழாம் எண்ல குண்டு போடற மாதிரி அசைவு இருக்கு, சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கயித்தை இழுத்து அட்டையைக் கொண்டுவர்றாங்க, ஆறாம் அட்டை புதுத்துணி மாதிரி இருக்கு, ஓட்டையே இல்லை. ஏழாம் அட்டையில எட்டு ஓட்டை. மருந்துக்கடைக்காரர் ரெண்டையும் கையில வாங்கி, மேலே எண் எழுதின இடத்தைக் கட்டைவிரலால மறைச்சு, தன்னோடதை உன் அத்தான் கையில குடுத்து, இன்னிக்குப் பரவாயில்லை சார்னார். உன் அத்தான் அதை விரலால தடவித் தடவிப் பார்த்து மடிச்சுப் பையில வெச்சார்.

நான் அந்த மனுஷனை வெளியே தண்ணிக் குழாய்கிட்ட பிடிச்சேன். என்ன விளையாட்டு இதுன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டார். ரெண்டு மாசமா அவர் குண்டெல்லாம் என் அட்டையிலதாம்மா விழுது, நானும் சுட்டா எது யாரோடதுன்னு குழம்புமேன்னு நான் சுடறதை நிறுத்திட்டேன்னார். கோப்பை வாங்கின கை. ரெண்டு மாசமா துப்பாக்கியைச் சும்மா தோள்ல வெச்சு இறக்கியிருக்கு. பதினொரு வருஷமா அவரையும் உன்னையும் ஒரே தட்டுல வெச்சுத் திட்டிக்கிட்டு இருந்தேன். இப்போ தட்டுல நீ மட்டும் இருக்கே.

மறுநாளே கண் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். அந்த டாக்டர் பொண்ணு ஃபைலைப் புரட்டிட்டு என்னைப் பார்த்து, போன வருஷமே சொல்லிட்டேனே, வீட்டுல சொல்லலையான்னு கேட்டா. உன் அத்தான் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ரெண்டு கண்ணுலயும் நடுப்பகுதி கெட்டுப்போச்சாம். சுத்தி இருக்கிறது தெரியும், எதை நேராப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. எந்தக் கண்ணாடி போட்டாலும் வராது. அந்த மறைப்பு மெல்ல மெல்லப் பெருசாகிக்கிட்டே போகும், எவ்வளவு நாள்ல எவ்வளவுன்னு சொல்ல முடியாதுன்னா. நாப்பது வருஷம் நடுவைப் பார்த்துச் சுட்ட மனுஷனுக்கு நடுவுதான் போகணுமா, சொல்லு.

பஸ் நிக்கிற இடத்துல பெஞ்சுல உட்கார்ந்தோம். என் முகம் தெரியுதான்னு கேட்டேன். காது தெரியுது, தோடு தெரியுது, நடுவுல ஒரு கறைன்னார். அம்பத்திரண்டு வருஷமாப் பார்த்த முகம்தானே, புதுசா ஒண்ணும் சேரலைன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. அப்போ எதுக்கு என்னை அந்த இருபத்தாறு படியை மூணு தடவை ஏற வெச்சீங்கன்னு கேட்டேன்.

“நீ தேடிக்கிட்டு இருக்கிற வரைக்கும், சரியானது இன்னும் கிடைக்கலைன்னு மட்டும்தானே அர்த்தம்”னார்.

பஸ் வந்தது, போயிடுச்சு. அடுத்ததுல வந்தோம்.

ஆகவே, தம்பி, ஸ்கோப் இனித் தேவையில்லை. துப்பாக்கியைக் கிளப்புக்கே கொடுத்துவிடுவதாக அவர் சொல்கிறார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். உன் பொருள் என் வீட்டில் இருப்பதை நான் விரும்பவில்லை. பதில் எழுத வேண்டாம், வரவும் வேண்டாம், பழையபடியே இருப்போம், அது பழகிவிட்டது. உன் மனைவிக்கு என் அன்பு, அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நிறைந்த கண்ணோடு நூறு வருஷம் இருக்கட்டும். உனக்கும் அதே ஆசீர்வாதம்தான். அக்கா என்கிற முறையில் அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: பார்சலைத் தேடாதே, அனுப்பவில்லை. இதை எழுதி வைத்து நாலு நாள் ஆகிறது. ஸ்கோப்பைக் கழற்றுவதற்குத் திருப்புளியோடு போனேன். கொஞ்சம் இரு என்று கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய ஸ்கோப்புல எல்லாம் வெறும் நடுவுதான் தெரிஞ்சது, அதுதான் எனக்குத் தெரியாதே, இந்தச் சின்னதுலதான் அட்டை முழுசா உள்ளே வருது, நாலு மூலையும் தெரியுது, நாலு மூலைக்கும் நடுவுல வெச்சா அதுதானே நடுவுன்னார். பக்கத்து அட்டையும் அதே மாதிரி இருக்கிறதால எது நம்மதுன்னுதான் குழப்பம், யாராவது பக்கத்துல நின்னு சொன்னாப் போதுமாம். மருந்துக்கடைக்காரர் நான் நிக்கிறேன்னார், அவர் இனிமே தன் அட்டையில சுடட்டும்னு நான்தான் வேண்டாம்னேன். நேத்து நானே நின்னேன். உங்களது இதுன்னு காட்டினேன், ஒவ்வொரு குண்டு விழுந்ததும் எங்க விழுந்ததுன்னு சொன்னேன். பத்தும் எங்க அட்டையிலேயே விழுந்தது தம்பி. கடைசியில துப்பாக்கியை இறக்கி வெச்சுட்டு, நீ எல்லாத்தையும் பத்து பத்துன்னே சொல்றே, எனக்குத் தெரியாதா, எதை வெச்சு நான் திருத்திக்கிறதுன்னு கேட்டார். எனக்கு வேற மாதிரி சொல்ல வரலை. உன் தம்பியை வரச் சொல்லு, குண்டு விழுந்த இடத்தை அவன் உள்ளபடி சொல்லுவான்னார்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளப் திறக்கும். அங்கே படிக்கட்டு கிடையாது, உன் முழங்காலுக்காக விசாரித்துவிட்டேன். என்னோடு பேச வேண்டாம், அவரோடு பேசு. அவருக்கு நாலு மூலையும் தெரிகிறபோதே வா.