கால் காயம்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, இந்தக் குடும்பத்தின் பேச்சையெல்லாம் இத்தனை வருடமாகப் பொறுத்துவரும் மாப்பிள்ளை அவர்களுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். என் வலது கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் வலிக்கிறது. அங்கே உங்கள் சர்க்கரையும் தங்கையின் கோபமும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

நான் ஐந்து மாதமாகப் படை ஆவண அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது உங்கள் காதுக்கு எட்டிவிட்டது என்றும், "அவரை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது, சும்மா இருக்கச் சொல்லு" என்று நீங்கள் கத்தினீர்கள் என்றும் தங்கை போனில் சொன்னாள். சும்மா இருக்கத்தான் மாப்பிள்ளை எனக்கும் ஆசை. ஆனால் நாற்பத்தோரு வருடம் ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லாமல் மூடி வைத்திருந்த மனிதர் எனக்கு யோசனை சொல்வதை நான் எந்தக் காதில் வாங்குவது என்று தெரியவில்லை. பழைய படைவீரர் சங்கத்து மண்டபத்துப் பக்கம் நீங்கள் எட்டிப் பார்க்காததை இத்தனை நாளும் தலைக்கனம் என்று நினைத்திருந்தேன். வெளியிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மண்டபத்துச் சுவரில் இருக்கும் பலகையில், கறையில்லாமல் பணி முடித்தவர்கள் வரிசையில், என் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை என்று ஐந்து மாதத்துக்கு முன்னால் தங்கை அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பஸ் அந்த வழியாகப் போனால்கூட நீங்கள் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களாம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் அலுவலகத்தில் பதினெட்டுத் தடவை சொல்லிச் சொல்லி எனக்கு அப்படியே வாயில் வருகிறது. நான் படையின் தையல் கொட்டகையில் உட்கார்ந்து கேப்டனின் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கிடங்கு வாசலில் காவல் நின்றீர்கள். கொட்டகைக்குப் பின்னால் ஷெல் விழுந்து, ஒரு சில்லு என் வலது கெண்டைச் சதையில் புகுந்தது. நீங்கள் ஓடிவந்து என்னை முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் தாண்டி இருந்த மருத்துவக் கூடாரத்துக்கு நடந்தீர்கள். வழியெல்லாம் "ஊசி பிடிக்கிறவனுக்கு ஏண்டா இவ்வளவு கனம்" என்று திட்டினீர்கள், அதையும் மனுவில் எழுதியிருக்கிறேன். திரும்பிப் போனதும் காவலிடத்தை விட்டு ஓடியவர் என்று உங்கள் பெயரில் எழுதிவிட்டார்கள். காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று நீங்கள் சொல்ல, அவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து அன்றைக்கு யாருக்கும் காயமே இல்லையே, யாரைத் தூக்கினாய் என்று கேட்டிருக்கிறார்கள். நான் அப்போது கூடாரத்தில் காய்ச்சலில் கிடந்தேன். பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாப்பிள்ளை, நீங்கள் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஆவண அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. காயம்பட்டவர்கள் வரும் இடத்தை ஏன் மாடியில் வைத்தார்கள் என்று கேட்டதற்கு, உண்மையாகவே காயம் பட்டதா என்று படியிலேயே தெரிந்துவிடும் என்று பியூன் சொன்னார். ஆறாம் ஜன்னலில் ஒரு அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், என் அட்டையைத் தேடி எடுத்து வாசித்தார்.

"உங்களுக்குக் காயம் பட்டிருக்கு. இல்லன்னு யாரும் சொல்லல. ஆனா கால்தான்."

"ஆமாம்மா, கால்தான்."

"நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

இப்படியே ஒருவரை ஒருவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் போனது. வரிசையில் பின்னால் நின்றவர் பொறுக்காமல் அட்டையை எட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கூடாரத்தில் கட்டுப் போட்டவர் சீட்டில் 'கால் காயம்' என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதைப் புத்தகத்தில் ஏற்றிய புண்ணியவான், இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அளவு என்ற கட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். அந்தக் கட்டத்தில் முழு, முக்கால், அரை, கால் என்று நாலு வகை. அரைக்குக் கீழே போனால் வெறும் கீறல், காயம்பட்டோர் பட்டியலில் சேராது. ஆக, மாப்பிள்ளை, நீங்கள் இரண்டு மைல் சுமந்தது ஒரு கால் பங்கு கீறலை.

இதில் என்ன இருக்கிறது, ஒரு வரி எழுதினால் திருத்திவிடுவார்கள் என்று நினைத்து, 'எனக்குக் காயம் பட்டது கால்தான், இதில் சந்தேகமே இல்லை' என்று அழுத்தி எழுதிக் கொடுத்தேன். 'காயம் கால்தான் என்று மனுதாரரே சந்தேகமற ஒப்புக்கொள்வதால் மனு முடித்துவைக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. சரி, விவரமாக எழுதுவோம் என்று அடுத்த மனுவில் கொட்டகையின் நீளம் அகலம், தையல் மெஷின் இருந்த திசை, நான் உடுத்தியிருந்த துணி வரைக்கும் எழுதினேன். தையற்காரன் புத்தி துணியில்தானே போகும். சம்பவத்தன்று அரைக்கால் சட்டை அணிந்திருந்தேன் என்று நாலு இடத்தில் வந்துவிட்டது. அவர்கள் சட்டையை விட்டுவிட்டு அரைக்காலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எட்டில் ஒரு பங்கு என்று மனுதாரரே தெரிவிப்பதால் காயம் காலிலிருந்து அரைக்காலாகக் குறைக்கப்படுகிறது என்று உத்தரவு. இன்னொரு மனு போட்டிருந்தால் நான் பிறக்கவே இல்லை என்று வந்திருக்கும்.

மூன்றாவது மனுவை அலுவலக வாசலில் மரத்தடியில் டைப் அடிப்பவரிடம் கொடுத்தேன். முழங்காலுக்குக் கீழே காயம் என்று சொன்னேன், அவர் முக்காலுக்குக் கீழே காயம் என்று அடித்துவிட்டார். முக்காலுக்குக் கீழே என்றுதான் நாங்களும் சொல்கிறோம் என்று இந்தத் தடவை மிகவும் அன்பாகவே பதில் எழுதியிருந்தார்கள். டைப் அடிப்பவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "ரெண்டும் கால்தானே ஐயா, விடுங்க" என்றார். பியூன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு கால்லயும் பட்டுச்சுன்னு எழுதிக் குடுங்க சார். ரெண்டு கால் சேந்தா அரை. தானா பட்டியல்ல ஏறிடும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் இதை யோசித்தேன். என் மனைவிதான், "ஒழுங்கா இருக்கிற ஒரு காலையும் ஏன் வம்புக்கு இழுக்கறீங்க" என்று தடுத்தாள். பொய் சொல்லி உங்கள் பெயரைக் கழுவினால் அது கழுவியதாகவும் ஆகாது.

பிறகு ஆறாம் ஜன்னல் அம்மாவே மனம் இரங்கி, டாக்டர் ஒருவரிடம் தழும்பைக் காட்டிச் சான்று வாங்கி வரச் சொன்னார். போகும்போது, "அங்க போயி அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க" என்று எச்சரித்து அனுப்பினார். டாக்டர் பெண்பிள்ளை, நம் மகள் வயதுதான் இருக்கும். எங்கே அடிபட்டது என்று கேட்டாள். தையல் கொட்டகையில் என்றேன். உடம்பில் எங்கே என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. "இடுப்புக்குக் கீழம்மா" என்றேன். "கீழன்னா?" "செருப்புக்கு மேல." அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு, "வெக்கப்படாதீங்க பெரியவரே, இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்று ஆறுதல் சொன்னாள். நான் பேசாமல் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினேன். அவள் தழும்பை அளந்து, நாலரை அங்குலம் என்று எழுதினாள். தையல் சரியில்லை, இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள் என்று நானும் என் கருத்தைச் சொன்னேன்.

போன திங்கட்கிழமை அதிகாரி முன்னால் விசாரணை. அவர் மூன்று மனுவையும் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வலது காலைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தேன். அவர் கிட்டே வந்து பார்த்தார். "இது முழுசா இருக்கே" என்றார். அன்று நடந்ததைச் சத்தியம் செய்து சொல்லச் சொன்னார்கள். காயம் பட்டதும் நீங்கள் என்னைச் சுமந்து போனதையும், ஆறு நாள் நான் கூடாரத்தில் கிடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அவரு தூக்கலன்னா?" என்று அதிகாரி கேட்டார். அதுவரைக்கும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு கேள்விக்குக் குனிந்து, கழற்றிவிட்ட செருப்பைத் தேடினேன். ஆறாம் ஜன்னல் அம்மா தண்ணீர் கொடுத்தார்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது மாப்பிள்ளை. என் காயம் காயம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆகவே நீங்கள் ஓடியவர் அல்ல, காயம்பட்டவனைக் காப்பாற்றியவர் என்று எழுதி, பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். பலகையில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சங்கத்துக்கும் கடிதம் போயிருக்கிறது. நானே பெயின்டரைப் பார்த்து, உங்கள் பெயரில் ஒற்று விட்டுப்போகாமல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வர வேண்டும். பலகைக்குக் கீழே நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். கோபமாக இருந்தால் வந்து என்னைத் திட்டுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆகவே வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் முதுகில் இரண்டு மைல் வந்தவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஆறாம் ஜன்னல் அம்மா போன் செய்தார். "காயம் பட்டது சரி சார். அதுக்கப்புறம் ஆறு நாள் எங்க இருந்தீங்கன்னு கேக்கறாங்க" என்றார். அந்த ஆறு நாளும் வருகைப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே 'வந்தார்' என்று இருக்கிறதாம். என் சாப்பாடு நின்றுவிடக் கூடாது என்று யாரோ நல்ல மனிதர் போட்டிருக்கிறார். நான் அங்கே இல்லை என்று நானே சத்தியம் செய்துவிட்டேன். கூடாரத்துச் சீட்டு கட்டுப் போட்டதற்கு மட்டும்தானாம், படுத்திருந்ததற்கு இல்லை, சேர்க்கைப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது. ஆகவே ஆறு நாள் அனுமதியில்லாமல் காணாமல் போனவர் என்று எனக்கு உத்தரவு, பலகையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி இன்னொரு கடிதம். பெயின்டரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். "நல்லதாப் போச்சு ஐயா, புதுப் பேருக்கு எங்கடா இடம்னு தவிச்சிட்டிருந்தேன்" என்றார். என் பெயரைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில்தான் உங்கள் பெயரை எழுதுகிறார். நீங்கள் மனு கினு என்று கிளம்ப வேண்டாம். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, எனக்கும் ஒன்றும் ஆகாது, நீங்கள் சுமந்த தூரத்துக்கு இது எனக்கு ரொம்பக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருப்பேன். பெயின்ட் காய ஒரு நாள் ஆகுமாம், கை வைத்துப் பார்க்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.